விபாவா பள்ளத்தாக்கு: புர்யா காற்று வளர்த்த திராட்சையா, சந்தையும் எல்லையும் வளர்த்ததா?

#1 கொடிப்பந்தல்

ஸ்லோவேனிய ஒயின் என்று பேச்செடுத்தாலே கோரிஷ்கா பர்தாவோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்குத் தென்கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் விபாவா பள்ளத்தாக்கைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதிப் பார்த்ததில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

முதலில் இடம். ஸ்லோவேனியாவில் மூன்று பெரிய ஒயின் பிரதேசங்கள்: போத்ராவியே, போசாவியே, பிரிமோர்ஸ்கா. கடல் பக்கம் உள்ள பிரிமோர்ஸ்காவுக்குள் நான்கு வட்டாரங்கள் வருகின்றன: கோரிஷ்கா பர்தா, விபாவா, க்ராஸ், ஸ்லோவேனிய இஸ்த்ரியா. விபாவா கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்கு. வடக்கே துர்னோவோ பீடபூமி செங்குத்தாக எழுந்து நிற்கிறது. கிழக்கே நானோஸ் மலை, 1,200 மீட்டருக்கு மேல். தெற்கே விபாவா குன்றுகள், அதைத் தாண்டினால் க்ராஸ். மேற்கு மட்டும்தான் திறந்த வாசல். அந்த வழியாக அத்ரியாத்திக் கடலின் வெதுவெதுப்பு உள்ளே வருகிறது.

கிழக்கிலும் வடகிழக்கிலும் இருந்து வருவதுதான் புர்யா. உள்நாட்டில் குளிர்ந்து தேங்கிய கனத்த காற்று, மலைவிளிம்பின் தாழ்ந்த இடங்கள் வழியாக வழிந்து பள்ளத்தாக்குக்குள் பாய்கிறது. ஐதோவ்ஷ்சினா ஊர் வெறும் 100 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து விழும் காற்றுக்கு எவ்வளவு வேகம் இருக்கும்! மணிக்கு 150 கி.மீ. தாண்டும் வீச்சுகள் அங்கே அபூர்வமல்ல, 200-ஐத் தாண்டியதும் பதிவாகியிருக்கிறது. பழைய வீடுகளின் ஓட்டின் மேல் கல் அடுக்கி வைத்திருப்பார்கள்.

என் கருத்து இதுதான்: விபாவா ஒயினின் குணத்தைத் தீர்மானித்தது இந்தக் காற்றுதான். ஆண்டுக்குச் சுமார் 1,500 மி.மீ. மழை பெய்கிற இடம் அது. அவ்வளவு ஈரத்தில் கொடி அழுகாமல் நிற்க வேண்டுமென்றால் இலையையும் குலையையும் உலர்த்த ஏதோ ஒன்று வேண்டும். அந்த வேலையைக் காற்று செய்கிறது. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள்.

#2 லுப்லியானாவாசி

நான் வேலை நிமித்தம் லுப்லியானாவில் இருக்கிறேன். விபாவாவுக்கு இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். போஸ்தோய்னாவைத் தாண்டி இறங்க ஆரம்பித்ததும் ஜன்னலைத் திறந்தால் காற்றின் வாசனையே வேறு. இந்தப் பக்கம் தேவதாரு, அந்தப் பக்கம் அத்திமரம்.

ஒரு பிப்ரவரியில், கவாத்து நடக்கும் சமயம், வெர்க்போல்யே பக்கம் ஒரு தோட்டத்தில் நின்றிருந்தேன். தோட்டக்காரர் ஒவ்வொரு கொடியிலும் ஒரே ஒரு நீளக் குச்சியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டித் தள்ளினார். விட்ட குச்சியை வில்லாக வளைத்துக் கீழ்க் கம்பியோடு இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டினார். அன்று பெரிய புர்யா இல்லை, ஆனாலும் கம்பிகள் விடாமல் ரீங்கரித்துக்கொண்டே இருந்தன. என் தொப்பி மூன்று வரிசை தாண்டிப் போய் விழுந்தது. "இன்று இது சும்மா மூச்சு விடுகிறது" என்றார். கட்டு தளர்வாக இருந்தால் குச்சி கம்பியோடு உரசி உரசிப் பட்டை உரிந்துவிடும், அந்தக் காயத்தில் நோய் ஏறும் என்று கட்டை விரலால் அழுத்திக் காட்டினார்.

கட்டுவதிலேயே அவர் செலவழித்த நேரத்தைப் பார்த்தபோது, காற்று அங்கே வேலையின் ஒவ்வொரு அசைவிலும் இருக்கிறது என்று தோன்றியது. கொடிப்பந்தல் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

#3 மாலா_மண்ணியல்

காற்றைப் பற்றிப் பேசுவது சரி, காலுக்கடியில் இருப்பதை விட்டுவிடாதீர்கள். சுற்றியுள்ள பீடபூமிகள் சுண்ணாம்புப் பாறை. பள்ளத்தாக்கின் அடியும் குன்றுகளும் வேறு: மணற்பாறையும் சுண்ணக்களிப் பாறையும் மாறி மாறி ஏடு ஏடாக அடுக்கிய படிவு. புவியியலில் ஃபிளிஷ் என்பார்கள். ஈயோசீன் காலத்தில் கடலடிச் சரிவுகளில் சேறும் மணலும் சரிந்து சரிந்து படிந்ததால் உண்டானது. துர்னோவோ பக்கமும் நானோஸ் பக்கமும் பழைய சுண்ணாம்புப் பாறை இந்த இளைய ஃபிளிஷ் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இதன் விளைவு இரண்டு. ஒன்று, மலையில் விழும் மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, நீர் புகாத ஃபிளிஷைத் தொட்டதும் ஊற்றாக வெளியே வருகிறது. விபாவா ஊரின் நடுவிலேயே ஆறு பல ஊற்றுகளாகப் பிறப்பதற்குக் காரணம் இதுதான். இரண்டு, களிப்பாறை காற்றும் வெயிலும் பட்டதும் பொடிந்துவிடும். கையில் எடுத்து நசுக்கினால் ஏடு ஏடாக உதிரும். அதனால் பாறையை உடைத்துப் புதுத் தோட்டம் போடுவது எளிது, வேரும் ஆழமாக இறங்கும். சுண்ணாம்பும் ஈரமும் ஒருசேரக் கிடைக்கும். ஆனால் அதே காரணத்தால் சரிவுகள் அடிக்கடி வழுக்கும், மழையில் மண் அரித்துப் போகும். அங்கே படிக்கட்டு வரப்புகள் வெட்டியிருப்பது மண்ணைப் பிடித்து நிறுத்தத்தான்.

பக்கத்து க்ராஸில் நேர்மாறு. செம்மண், மெல்லிய படலம், கீழே சுண்ணாம்புப் பாறை. அங்கே ரெஃபோஷ்க் திராட்சையிலிருந்து புளிப்பும் கருமையும் தூக்கலான தெரான் செய்கிறார்கள். புர்யா இரண்டு இடத்திலும்தான் அடிக்கிறது. ஒயின் மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. காற்றுதான் தீர்மானித்தது என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

#4 பழைய_ஏடு

நல்ல இழை. நான் வரலாற்றுப் பக்கத்திலிருந்து வருகிறேன், கொடிப்பந்தலோடு உடன்படவில்லை.

புர்யாவின் புகழ் பழசு. கி.பி. 394 செப்டம்பரில் ஃபிரிகிடுஸ் ஆற்றங்கரையில் பேரரசர் தியோடோசியுஸ் எதிரி யூகேனியுஸின் படையை வென்றபோது, பெருங்காற்று எதிரிகள் முகத்தில் அடித்து எறிந்த ஈட்டிகளையே திருப்பிவிட்டதாகத் திருச்சபை எழுத்தாளர்கள் எழுதினார்கள். ஃபிரிகிடுஸ் இன்றைய விபாவா ஆறுதான் என்பதே பெரும்பான்மைக் கருத்து. ஐதோவ்ஷ்சினாவில் ரோமானியக் கோட்டைச் சுவர் இன்னும் நிற்கிறது. அந்தக் காற்றுக் கதையில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு இறைவன் அருளைக் காட்டச் சேர்த்தது என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடுவது வேறு விஷயம்.

அங்கே எந்தத் திராட்சை நடப்பட்டது, எது பிடுங்கப்பட்டது என்று பார்த்தால் காற்று காரணமாக இருப்பதில்லை. வரி, சாலை, ரயில், எல்லை, இவைதான் காரணம். சில இடங்களைத் தொட்டுச் செல்கிறேன்.

1713-இல் விபாவாவுக்கு வடக்கே உள்ள தோல்மின் வட்டார விவசாயிகள் கிளர்ந்து எழுந்ததற்கு முக்கியக் காரணம் ஒயின் மீதும் இறைச்சி மீதும் போட்ட புது வரி. சுற்றுவட்டாரமெங்கும் பரவிய கிளர்ச்சி அது. அடுத்த ஆண்டு, பள்ளத்தாக்கின் மேற்கு வாசலில் இருக்கும் கோரித்சியா நகரச் சதுக்கத்தில் 11 தலைவர்களைக் கொன்றார்கள். ஒயின் இந்தச் சுற்றுவட்டாரத்துத் திராட்சை விவசாயிகளுக்கு விருந்துப் பானம் அல்ல, கையில் காசு பார்க்கும் முக்கிய வழி. அதில் கைவைத்ததால்தான் அவ்வளவு கோபம்.

விபாவா ஒயின் நெடுங்காலம் மலை தாண்டி வடக்கே, லுப்லியானாவுக்கும் அதைச் சுற்றிய பழைய கார்னியோலா மாகாணத்துக்கும் வண்டி வண்டியாகப் போனது. மலைக்கு அந்தப் பக்கம் திராட்சை விளையாது; வாங்க ஆள் நிச்சயம். 1857-இல் வியன்னா-திரியெஸ்தே ரயில் வந்தது. பாதை போஸ்தோய்னா வழியாகப் போனது, விபாவாவைத் தொடவில்லை. வண்டிப் போக்குவரத்து படுத்துவிட்டது. பள்ளத்தாக்குக்கென்று கோரித்சியாவிலிருந்து ஐதோவ்ஷ்சினாவுக்கு ரயில் வந்தது 1902-இல்தான். இடையில் 45 ஆண்டுகள்.

அந்த இடைவெளியில்தான் ஃபிலாக்சரா வந்தது. ஸ்லோவேனிய மண்ணில் முதலில் 1880-இல் கிழக்கே பிசெல்ஸ்கோ பக்கம் கண்டுபிடித்தார்கள், பிறகு மேற்கும் தப்பவில்லை. வேரையே உறிஞ்சிக் கொல்லும் பூச்சி; அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித் திரும்ப நடுவதைத் தவிர வழியே கிடையாது. பணமும் பத்து வருடப் பொறுமையும் வேண்டும். அதே சமயத்தில், 1891-இல், ஆஸ்திரியா-ஹங்கேரி இத்தாலியோடு செய்த வணிக ஒப்பந்தத்தின் ஒயின் ஷரத்தால் மலிவு இத்தாலிய ஒயின் குறைந்த சுங்கத்தில் வந்து குவிந்தது. 1894-இல் விபாவாவில் ஒயின் கூட்டுறவுச் சங்கம் பிறந்ததை நான் இந்த நெருக்கடியின் விளைவாகத்தான் பார்க்கிறேன்.

#5 கொடிப்பந்தல்

ஐயா, இந்த விவரங்களுக்கு நன்றி, குறிப்பாக ரயில் விஷயம். சந்தை எதை விற்கலாம் என்று சொல்லும், மறுக்கவில்லை. ஆனால் எது உயிரோடு நிற்கும் என்று சொல்வது நிலமும் காற்றும். கிழக்கே மேல் விபாவாவில் வெள்ளை வகைகள் அதிகம், மேற்கே கீழ் விபாவாவில் மெர்லோ, பார்பெரா போன்ற சிவப்பு வகைகளுக்கு நல்ல இடம். கிழக்கு குளிர்ச்சி, காற்று நேரடியாக அடிக்கும்; மேற்கு கடலுக்குப் பக்கம், வெதுவெதுப்பு. இந்தப் பிரிவை எந்த அரசாங்கமும் போடவில்லையே.

மாலா, க்ராஸ் ஒப்பீடு நியாயமானது. மண்ணின் பங்கைக் குறைக்கவில்லை. ஒரே ஃபிளிஷ் மண் பர்தாவிலும் இருக்கிறது. அங்கே புர்யாவின் மூர்க்கம் இவ்வளவு கிடையாது. மண் ஒன்றாக இருந்தும், ரெபுலா என்ற வெள்ளைத் திராட்சையை எடுத்துக்கொண்டால், பர்தாவின் ரெபுலாவும் விபாவாவின் ரெபுலாவும் ஒரே மாதிரி இல்லை. அதற்கு என்ன சொல்வீர்கள்?

#6 சுவைநயம்

ஸெலென், பினேலா என்று இரண்டு பெயர் அடிக்கடி காதில் விழுகிறது. இவை விபாவாவில் மட்டும்தான் விளைகிறதாமே? யாராவது விளக்க முடியுமா?

#7 லுப்லியானாவாசி

@சுவைநயம், ஏறக்குறைய அப்படித்தான். இரண்டும் வெள்ளை வகை, இரண்டும் மேல் விபாவாவில்தான் பேர்பெற்றவை.

ஸெலென் முற்றிய பிறகும் பச்சைச் சாயல் மாறாத திராட்சை. ரோஸ்மேரி, லாவண்டர் மாதிரி மூலிகை வாசனை வரும், ஆனால் மெல்லியதாக, கிளாஸைச் சுழற்றிவிட்டுக் காத்திருந்தால்தான் பிடிபடும். சாகுபடிக்குக் கஷ்டமான வகை. பூ சரியாகக் காய் பிடிக்காது, குலையில் அங்கங்கே ஓட்டை விழும், விளைச்சல் வருடத்துக்கு வருடம் ஆடும். ஃபிலாக்சராவுக்குப் பிறகு திரும்ப நட்டபோது பலர் இதைத் தவிர்த்ததில் ஆச்சரியமில்லை. அழிந்துபோகும் நிலையிலிருந்து சில குடும்பங்கள் பிடிவாதமாக மீட்டெடுத்தன.

பினேலா கொஞ்சம் சாது. புளிப்பு நன்றாக இருக்கும், ஆப்பிள் வாசனை, மீனோடு ஒத்துப்போகும். கீழே தோர்ன்பெர்க் பக்கம் கிளார்னித்சா என்று இன்னொரு அரிய வகை உண்டு. இது கைவிட்டுப் போனால் வேறெங்கும் தேடிப் பிடிக்க முடியாது என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பாசம்.

#8 பழைய_ஏடு

ஸெலென் பற்றிச் சொன்னது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. புர்யாவைத் தாக்குப்பிடித்த வகை அது. அதை ஏறக்குறைய ஒழித்தது பூச்சியும், அதற்குப் பின் "நிறைய காய்க்கிறதா?" என்று மட்டும் கேட்ட சந்தையும்.

இந்த இடத்தில் ஒருவரை நினைவுகூர வேண்டும். மத்தியா வெர்தோவெத்ஸ், 1784-இல் பிறந்தவர், நானோஸ் மலையடியில் இன்று போத்னானோஸ் எனப்படும் ஊரின் பங்குத்தந்தை. 1844-இல் ஸ்லோவேன் மொழியில் முதல் திராட்சை வேளாண்மை நூலை எழுதினார். பின்பு வேளாண் வேதியியல் பற்றியும் அதே மொழியில் எழுதினார். படித்தவர்கள் ஜெர்மனில் எழுதிய காலத்தில், தோட்டத்தில் நிற்கிறவனுக்குப் புரியும் மொழியில் கவாத்தும் நொதித்தலும் சொல்லிக்கொடுத்தவர். வெள்ளைத் திராட்சையைத் தோலோடு சேர்த்தே நொதிக்கவிடும் பழைய விபாவா வழக்கத்தை அவர் விவரித்திருக்கிறார். இன்று உலகம் ஆரஞ்சு ஒயின் என்று கொண்டாடுகிறதே, அது அந்தப் பள்ளத்தாக்கில் பாட்டன் காலத்து நடைமுறை. தோலின் துவர்ப்பு ஒயினைக் கெடாமல் வைக்கும் என்பதால் செய்தார்கள்.

அடுத்து எல்லைகள். முதல் உலகப் போரில் 1916 ஆகஸ்டில் கோரித்சியா இத்தாலியர் கையில் விழுந்தபின் போர்முனை கீழ் விபாவாவின் வெர்தோய்பா, மிரென் பக்கம் வந்து நின்றது. தோட்டங்கள் பதுங்குகுழிகளாயின. 1920-இல் ராப்பாலோ ஒப்பந்தம் பள்ளத்தாக்கு முழுவதையும் இத்தாலிக்குக் கொடுத்தது. கார்னியோலாச் சந்தை ஒரே கையெழுத்தில் வெளிநாடு ஆகிவிட்டது. பாசிச ஆட்சியில் பள்ளிக்கூடத்திலேயே ஸ்லோவேன் மொழிக்கு இடமில்லாமல் போனது. வெர்தோவெத்ஸ் நூல் எழுதிய மொழி! 1947-இல் யூகோஸ்லாவியாவிடம் வந்தபோது எல்லாம் தலைகீழ்: கோரித்சியா நகரம் அந்தப் பக்கம், பள்ளத்தாக்கு இந்தப் பக்கம். நூற்றாண்டுகளாக விளைச்சலைக் கொண்டுபோய் விற்ற ஊருக்கு நடுவில் முள்வேலி.

யூகோஸ்லாவிய ஆட்சியில் 1953 முதல் ஒரு விவசாயி 10 ஹெக்டேருக்கு மேல் நிலம் வைத்திருக்க முடியாமல் போனது. திராட்சையைக் கூட்டுறவு ஆலையில் எடைபோட்டுக் கொடுப்பதுதான் வழியாக இருந்தது. அளவுக்குக் கூலி என்றானபின் ஸெலெனை யார் நடுவார்கள்? 1991 சுதந்திரத்தோடு யூகோஸ்லாவியச் சந்தையும் போனது. குடும்பங்கள் தங்கள் பெயரில் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கியபோதுதான், மற்றவர்களிடம் இல்லாதது எது என்று தேடி ஸெலெனுக்கும் பினேலாவுக்கும் திரும்பினார்கள். இதில் காற்று எங்கே இருக்கிறது?

#9 மாலா_மண்ணியல்

ஐயா கேட்ட கேள்விக்கு ஒரு பதில் என்னிடம் இருக்கிறது. அது 1980-களில் இருக்கிறது.

அப்போது பள்ளத்தாக்கின் சமவெளியில் பெரிய அளவில் நிலச் சீரமைப்பு நடந்தது. சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்த்தார்கள், ஆற்றை நேராக்கினார்கள், வோகர்ஷ்செக் அணையைக் கட்டிப் பாசன வசதி செய்தார்கள். இயந்திரம் தடையில்லாமல் போகட்டும் என்று வேலியோர மரங்களையும் புதர்களையும் பல இடத்தில் அகற்றினார்கள். அந்த மரங்கள் சும்மா நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காற்றைத் தடுக்க நட்டவை.

2012 பிப்ரவரியில் புர்யா நாள் கணக்கில் ஓயாமல் அடித்தது. ஐதோவ்ஷ்சினா பக்கத்துத் திறந்த வயல்களில் உழுது போட்ட மேல்மண் அப்படியே பெயர்ந்து போனது. சாலையோரத்திலும் வாய்க்காலிலும் மண் குவிந்தது. ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக நூறு ஆண்டுகள்கூட ஆகலாம். சில நாளில் போய்விடுகிறது. அதற்குப் பிறகு காற்றுத்தடுப்பு மர வரிசைகளைத் திரும்ப நடும் முயற்சிகள் தொடங்கின.

என் பார்வை: கொடிப்பந்தல் சொல்வது போலக் காற்று எல்லாவற்றையும் தீர்மானிக்கவில்லை. ஆனால் காற்றை மறந்து போடும் எந்தத் திட்டத்துக்கும் அது விலை கேட்கும். ஐயா சொன்ன கூட்டுறவு, சந்தை, எல்லை எல்லாம் முடிவெடுத்தவர்கள் பக்கம். அந்த முடிவு மண்ணில் எப்படி இறங்குகிறது என்பதில் புர்யா இருக்கிறது.

பர்தா-விபாவா ரெபுலா பற்றி: தோட்டத்தின் திசை, உயரம், கடல் காற்று, பாத்திரத்தில் என்ன செய்கிறார்கள் என்பது எல்லாம் கலந்தது. காற்றை மட்டும் பிரித்தெடுத்துக் காட்டுவது கடினம்.

#10 பழைய_ஏடு

மாலா சொன்ன நிலச் சீரமைப்பு முக்கியமானது. என் வரிசையில் அதைச் சேர்த்துக்கொள்கிறேன். இயந்திரத்துக்கு வழிவிட மரத்தை வெட்டியது அரசின் முடிவு, அடித்தது காற்று. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் வரலாறு முழுமையாகும்.

#11 வேர்ச்செடி

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், தோட்டக்கலை படிக்கிறேன். புர்யா குளிர்காலத்தில்தானே அதிகம்? கொடி அப்போது உறக்கத்தில் இருக்கும். கோடை நோய்களுக்கு அது எப்படி உதவும்?

#12 கொடிப்பந்தல்

@வேர்ச்செடி, சரியான இடத்தில் கேட்டீர்கள். மூர்க்கமான புர்யா குளிர்காலத்தில்தான். ஆனால் வலுக்குறைந்த புர்யா எந்த மாதத்திலும் வரும்; மழை ஓய்ந்து வானம் தெளியும்போது வடகிழக்கிலிருந்து உலர்ந்த காற்று அடிக்கும். அடிச்சாம்பல் நோய்க்கு இலையில் சில மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும். ஈரம் சீக்கிரம் காய்ந்தால் நோய்க்கு வாய்ப்புக் குறையும். செப்டம்பரில் அறுவடை நெருங்கும்போது குலை அழுகலுக்கும் இதே கணக்கு. மருந்தே அடிக்காமல் விட்டுவிடலாம் என்று அர்த்தமல்ல. மேற்கிலிருந்து தொடர்ந்து ஈரக் காற்று வரும் ஆண்டுகளில் மற்றவர்கள் மாதிரியே அவர்களும் தவிக்கிறார்கள். ஆலங்கட்டி மழை வேறு.

காற்றால் தடுக்க முடியாத நோயும் உண்டு. இலை மஞ்சளாகிச் சுருண்டு, குலை வாடிப்போகும் பைட்டோபிளாஸ்மா (பாக்டீரியா போன்ற ஒரு நுண்ணுயிர்) நோய் 2005 முதல் ஸ்லோவேனியாவில் இருக்கிறது. கொடிக்குக் கொடி பரப்புவது ஒரு தத்துப்பூச்சி. நோய் கண்ட கொடியை வேரோடு பிடுங்கி அழிப்பதைத் தவிர வைத்தியம் இல்லை. படிக்கும்போது இதையும் பாருங்கள், இன்றைக்கு பிரிமோர்ஸ்கா விவசாயிகளின் பெரிய கவலை இதுதான்.

#13 சுவைநயம்

அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் போகும் வாய்ப்பு இருக்கிறது. எப்போது போகலாம், எங்கே பார்க்கலாம்?

#14 லுப்லியானாவாசி

அறுவடை பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர். கவாத்தும் காற்றும் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி. ஆனால் புர்யா பலமாக இருக்கும் நாளில் நெடுஞ்சாலையில் உயரமான வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், கிளம்பும் முன் சாலை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோச்சே கிராமத்துக்குக் கண்டிப்பாகப் போங்கள். கல்வீடுகள் தோள் உரச நெருக்கியடித்து நிற்கும், வீட்டுக்கு வீடு அடியில் ஒயின் நிலவறை. காற்று நுழையக்கூடாது என்றே தெருக்களைக் குறுக்கிக் கட்டியிருக்கிறார்கள் என்று என்னை அழைத்துப்போனவர் சொன்னார், நடந்து பார்த்தால் நம்பத் தோன்றும். கிராமச் சந்திப்பில் ஐவிக் கொடிக் கொத்து தொங்கினால் அம்புக்குறி காட்டும் வீட்டில் ஓஸ்மித்சா, அதாவது வீட்டு ஒயின் விற்பனை, நடக்கிறது என்று பொருள். 1784-இல் இரண்டாம் ஜோசப் பேரரசர் விவசாயிகள் தங்கள் ஒயினை ஆண்டில் எட்டு நாள் வீட்டிலேயே விற்றுக்கொள்ள அனுமதித்தார். அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை, முட்டை, ரொட்டி, ஜாடியில் ஒயின். அந்த உலர்த்தலும் புர்யாவின் வேலைதான், கொடிப்பந்தல் சந்தோஷப்படுவார்.

கேட்கும்போது ஸெலென் என்று மட்டும் கேட்காதீர்கள். தோலோடு நொதிக்கவிட்டது ஒன்று, விடாதது ஒன்று, இரண்டையும் அருகருகே ஊற்றச் சொல்லுங்கள். சிறு உற்பத்தியாளர்கள் மகிழ்ச்சியோடு ஊற்றுவார்கள்.

#15 பழைய_ஏடு

கோச்சேயிலிருந்து போத்னானோஸ் பக்கம்தான். வெர்தோவெத்ஸ் பங்குத்தந்தையாக இருந்த தேவாலயத்தையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். படம் எடுத்தால் இங்கே போடுங்கள்.

#16 சுவைநயம்

குறித்துக்கொண்டேன் ஐயா. செப்டம்பர் மூன்றாவது வாரம் என்று வைத்திருக்கிறேன். ஸெலென் அதற்குள் பறித்து முடிந்துவிடுமா என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

#17 லுப்லியானாவாசி

வெயிலைப் பொறுத்தது. வெப்பமான ஆண்டுகளில் வெள்ளை வகைகள் ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கிவிடுகின்றன. ஆகஸ்ட் நடுவில் எனக்குத் தனிமடல் போடுங்கள், அந்தத் தோட்டக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன்.